டிஷ் எண்ட்: ஒற்றை ஆணையும் தொகுதி ஆணையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழிற்கூடங்களின் நெருக்கடி பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வங்கிக் கடன், மின்கட்டணம், இரும்பு விலை, மாதக்கணக்கில் வராத பில் தொகை என்று அவற்றில் சொல்லப்படும் காரணங்கள் யாவும் உண்மையே. திருச்சியை அடுத்த துவாக்குடி, திருவெறும்பூர் பகுதிப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபேப்ரிகேஷன் மேற்பார்வையில் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். தொட்டியின் இரு முனைகளையும் மூடுகிற கிண்ண வடிவத் தகட்டை நாங்கள் டிஷ் எண்ட் என்போம். அதை ஆளுக்கொரு அளவில், ஒன்றும் இரண்டுமாகச் செய்யச் சொல்வதால் எங்கள் பட்டறைகளில் வீணாகும் இரும்பையும் நாட்களையும் பற்றியதே இக்கடிதம்.

1965இல் தொடங்கிய பெல் (BHEL) நிறுவனத்தின் திருச்சி ஆலையைச் சுற்றி வளர்ந்தவை இந்தப் பட்டறைகள். பாய்லர் பாகங்களை ஒரே வரைபடத்தின்படி நூற்றுக்கணக்கில் செய்து பழகிய கைகள் இங்கே உண்டு. புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்துபோன ஆண்டுகளில், பல கூடங்கள் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டன. ஒரு ஆலைக்குக் காற்றுத் தொட்டி, இன்னொன்றுக்கு எண்ணெய்த் தொட்டி, வேறொன்றுக்குப் பால் குளிர்விப்புத் தொட்டி என ஒவ்வொன்றும் ஒற்றை வேலையாக வந்தது. வெட்டுவது, ரோல் செய்வது, பற்றவைப்பது ஆகியவற்றில் ஒற்றை வேலையைச் சமாளித்துவிடலாம். டிஷ் எண்டில் மட்டும் அது முடிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள முனை ஏன் வளைந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மீட்டர் விட்டமும் 10 பார் அழுத்தமும் கொண்ட கார்பன் எஃகுக் கலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பற்றுகள் (பற்றவைத்த இணைப்புகள்) முழுமையாக எக்ஸ்ரே எடுக்கப்பட்டவை என்று வைத்து, அரிமானத்துக்காகச் சேர்க்கும் கனத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், உருளைப் பகுதிக்கு 4 மி.மீ. தகடே போதும். அதே கலனைத் தட்டைத் தகட்டால் மூடுவதென்றால் ஏறத்தாழ 50 மி.மீ. கனம் தேவைப்படும். குழிவின் ஆழம் விட்டத்தில் கால் பங்கு இருக்குமாறு நீள்வட்ட வடிவில் வளைத்து மூடினால், உருளைக்குப் போட்ட அதே கனம் போதுமானது. அரைக்கோளமாக்கினால் அதிலும் பாதிதான் வேண்டும்; ஆனால் அவ்வளவு ஆழத்துக்குத் தகட்டை இழுப்பது கடினம். ஆழம் குறைந்த, ஓரத்தில் சிறிய ஆரத்தில் திரும்புகிற வடிவம் செய்வதற்கு எளிது. ஓர ஆரம், நடு வளைவின் ஆரத்தில் 6 விழுக்காடு என்ற கீழ் எல்லையில் இருந்தால், கனம் நீள்வட்டத்துக்குத் தேவைப்படுவதைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்று மேலே போய்விடும். ஆகவே டிஷ் எண்டின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் எடை, விலை, செய்யும் முறை அனைத்தும் முடிவாகிவிடுகின்றன.

முன்பெல்லாம் விட்டத்துக்கு ஒரு டை, அதாவது தகட்டை வடிவாக்கும் அச்சு, வேண்டும். தகட்டைச் சூடாக்கி, பெரிய பிரஸ்ஸில் டைக்குள் ஒரே அழுத்தாக அழுத்தி எடுப்பார்கள். சிறிய விட்டங்களுக்கு இன்றும் அதுவே சிறந்த வழி. நம் வீட்டு அடுப்படியில் நிற்கும் 14.2 கிலோ எரிவாயு உருளை, இரண்டு கிண்ணங்களாக டையில் இழுத்தெடுக்கப்பட்டு நடுவில் ஒரே சுற்றுப் பற்றால் இணைக்கப்பட்டதுதான். ஒரே அளவில் இலட்சக்கணக்கில் செய்யப்படுவதால் அந்த டையின் செலவு உருளைக்கு உருளை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடுகிறது. பெரிய விட்டங்களுக்கு இப்போது வேறு முறை இருக்கிறது. வட்டமாக வெட்டிய தகட்டை ஒரு சிறிய டையின் மேல் நகர்த்தி நகர்த்திப் புள்ளி புள்ளியாக அழுத்திக் குழிவாக்கி, பிறகு ஃபிளாஞ்சிங் மெஷினில் நிறுத்திச் சுழற்றி, ரோலர் உருளைகளால் ஓரத்தை மடக்குகிறார்கள். இதற்கு விட்டத்துக்கொரு டை தேவையில்லை. ஒற்றை டிஷ் எண்டைச் செய்துதர ஆள் கிடைப்பதே இந்த முறை வந்ததால்தான். அதனாலேயே, எந்த விட்டமாக இருந்தாலும் செலவு ஒன்றுதான் என்ற தவறான எண்ணமும் வரைபடம் போடுபவர்களிடம் வேரூன்றிவிட்டது.

செலவு எங்கே போகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 2,000 மி.மீ. விட்டத்தில், 12 மி.மீ. தகட்டில் நீள்வட்ட டிஷ் எண்ட் செய்ய, ஓரத்தில் நேராக நிற்கும் விளிம்பையும் சேர்த்து ஏறத்தாழ 2,450 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு வேண்டும். சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் தகட்டின் அகலம் 2,500 மி.மீ. அதிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டினால், 590 கிலோ எடையுள்ள சதுரத்திலிருந்து 445 கிலோ வட்டம் கிடைக்கும். நான்கு மூலைகளில் மிஞ்சும் 145 கிலோ எப்படியும் போகத்தான் செய்யும். அதில் பேட், லக், சிறிய ஃபிளாஞ்ச் என்று சிறு பாகங்களுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தொட்டிக்கு இரண்டு முனைகள். 6,300 மி.மீ. நீளத் தகடு வாங்கினால் இரண்டு வட்டங்கள் போக 1,300 மி.மீ. துண்டு நிற்கும்; அதன் எடை 300 கிலோவுக்கு மேல். அதே விட்டத்தில் இரண்டு தொட்டிகள் சேர்ந்து வந்தால், 10,000 மி.மீ. தகட்டில் நான்கு வட்டங்கள் அடங்கிவிடும். துண்டு ஏதும் மிஞ்சாது. பட்டறைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் துண்டுத் தகடுகளைப் பார்த்தால் அந்தக் கூடத்துக்கு எத்தனை ஒற்றை வேலைகள் வந்தன என்பதைச் சொல்லிவிடலாம். ஹீட் நம்பர், அதாவது தகடு எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண், அழிந்துபோன துண்டை அழுத்தக் கலனுக்குப் பயன்படுத்த முடியாது. அது கடைசியில் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

தகட்டுக்கு அடுத்தபடி நேரம். ஃபிளாஞ்சிங் மெஷினில் உள் உருளையையும் வெளி உருளையையும் தேவையான ஆரத்துக்கு மாற்றி, தகட்டின் மையத்தைப் பிடித்து, முதல் டிஷ் எண்டைப் பாதி மடக்கி நிறுத்தி, டெம்ப்ளேட்டை (வளைவைச் சரிபார்க்கும் மாதிரியை) வைத்துப் பார்த்து, மீண்டும் ஓட்டி முடிப்பதற்குள் எங்கள் அனுபவத்தில் அரை நாள் போய்விடும். இரண்டாவது தகட்டிலிருந்து கை பழகிவிடும். ஒரே செட்டிங்கில் எட்டுத் தகடுகள் ஓடினால் அந்த அரை நாள் எட்டாகப் பிரிகிறது. ஒன்றே ஒன்று என்றால் முழுதும் அதன் தலையில் விழுகிறது. இக்காரணத்தால் டிஷ் எண்ட் செய்பவர் ஒற்றை ஆணையை வாங்கி வைத்துக்கொண்டு, அதே உருளை பொருந்தும் வேறு வேலை வரும்வரை காத்திருப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே ஷெல், அதாவது தொட்டியின் உருளைப் பகுதி, ரோல் செய்து, பற்றவைத்து, முனைகள் வராமல் வாரக்கணக்கில் கட்டைமேல் கிடக்கும். கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

வெப்பப் பதப்படுத்தலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். குளிர்நிலையில் வளைக்கும்போது தகட்டின் வெளிப்புற இழை நீள்கிறது. ஆழம் குறைந்த வடிவத்தில் 2,000 மி.மீ. விட்டம், 18 மி.மீ. கனம், ஓர ஆரம் 120 மி.மீ. என்றால் அந்த நீட்சி கணக்குப்படி ஏறத்தாழ 10 விழுக்காடு வரும். அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஆஸ்மி (ASME) கோடு 5 விழுக்காட்டை எல்லையாக வைத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய தகடு 16 மி.மீ.க்கு மேல் கனமாகவும் இருந்தால் வளைத்தபின் பதப்படுத்தியே ஆக வேண்டும். அதே விட்டத்தையும் கனத்தையும் நீள்வட்ட வடிவில் செய்தால் நீட்சி 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். சூளைக்கே போக வேண்டியதில்லை. சூளைக்குப் போவதென்றால், 600 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்துக்கு மெல்ல ஏற்றி, கனத்துக்கு ஏற்ற நேரம் நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். எரிபொருளில் பெரும்பகுதி சூளையின் செங்கல்லையும் வண்டியையும் சூடாக்கவே போகிறது. உள்ளே ஒரு டிஷ் எண்ட் இருந்தாலும் எட்டு இருந்தாலும் எரியும் டீசல் பெரிதாக மாறுவதில்லை. வெப்பநிலைப் பதிவுத் தாளும் ஒன்றுதான், இரவெல்லாம் விழித்திருக்கும் ஆளும் ஒருவர்தான்.

இத்தனையும் சொல்வதால் தொகுதியாகச் செய்தால் எல்லாம் நலமே என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். நான் இளம் மேற்பார்வையாளராக இருந்த ஒரு கூடத்தில், ஒரே அளவில் ஆறு டிஷ் எண்டுகள் செய்யும் வேலை வந்தது. முடிந்தபின் எந்த இடத்திலும் 9 மி.மீ. குறையக் கூடாது என்பது நிபந்தனை. 10 மி.மீ. தகடு வாங்கியிருந்தார்கள். ஆலையிலிருந்து வரும் தகடு 0.3 மி.மீ. வரை குறைவாக இருக்க விதியே இடமளிக்கிறது. ஓரத்தை மடக்கும்போது அங்கே தகடு மேலும் மெலியும். முதல் டிஷ் எண்ட் முடிந்ததும் ஓரத் திருப்பத்தில் கனம் அளக்கும் டி-மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். கிரேன் காத்திருக்கிறது, செட்டிங்கைக் கலைக்க வேண்டாம் என்று ஆறையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார்கள். ஆய்வாளர் வந்து ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பிசின் தடவி மீட்டரை வைத்தார். 8.6 காட்டியது. அடுத்ததில் 8.5. ஆறாவதை அவர் அளக்கவே இல்லை. ஒற்றை வேலையில் நடந்திருந்தால் ஒரு தகட்டோடு போயிருக்கும் தவறு, தொகுதி வேலையில் ஆறு தகடுகளையும் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து, குறைந்தபட்சம் 10 வேண்டுமென்றால் 12 மி.மீ. தகடு, முதல் டிஷ் எண்டை அளந்து கையெழுத்திட்ட பிறகே இரண்டாவது என்ற வழக்கத்தை நான் இருந்த எந்தக் கூடத்திலும் விட்டதில்லை.

ஒற்றையாக மட்டுமே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. பழைய கலனின் அடிப்பகுதி அரித்துப்போய் ஒரு முனையை மட்டும் மாற்றுவது அவற்றுள் முதன்மையானது. இதில் வரைபடத்தை நம்பக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு வேலையில், வரைபடத்திலுள்ள விட்டத்துக்குச் சரியாகச் செய்து வந்த டிஷ் எண்டைக் கலனோடு வைத்துப் பார்த்தபோது சுற்றளவில் 14 மி.மீ. வேறுபாடு இருந்தது. விட்டத்தில் அது நாலரை மி.மீ.தான், சுற்றிலும் சமமாகப் பிரித்தாலும் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ.க்குச் சற்று மேல் படி நிற்கும். 8 மி.மீ. தகட்டின் சுற்றுப் பற்றுக்கு அனுமதிக்கப்படும் படி, கனத்தில் கால் பங்கான 2 மி.மீ. மட்டுமே. புதுத் தொட்டியில் இந்தத் தொல்லை வராது. டிஷ் எண்ட் முதலில் வந்துவிடும், அதன் சுற்றளவை டேப் வைத்து அளந்து அதற்கேற்ப ஷெல்லை வெட்டி ரோல் செய்வோம். பழைய கலனுக்கு அந்த வசதி இல்லை. நேரில் சென்று, துருவைச் சுரண்டிவிட்டு, டேப்பை மூன்று இடங்களில் சுற்றி அளந்த பிறகே ஆணை கொடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவையும் காத்திருப்பையும் யாரும் குறைகூறக் கூடாது என்பது என் கருத்து.

துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்பன் எஃகை ஓட்டிய உருளையில் அப்படியே 304 ரகத் தகட்டை ஏற்றினால், உருளையில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் தகட்டில் பதிந்துவிடும். தொட்டியைக் கழுவி வைத்த சில நாட்களில் உள்ளே துருப் புள்ளிகள் தெரியும். உருளையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது அரை மணி நேர வேலைதான். பத்துத் தகடுகளுக்கு ஒருமுறை என்றால் யாரும் மறுப்பதில்லை. இரண்டு கார்பன் எஃகு வேலைகளுக்கு நடுவே ஒற்றைத் தகடாகச் செருகப்படும்போதுதான் அது விடுபட்டுப் போகிறது. பால் நிற்கும் தொட்டியில் இப்படி நேர்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மிகப் பெரிய விட்டங்களில் வேறொரு விந்தை இருக்கிறது. மெஷினுக்குள் அடங்காத டிஷ் எண்டை நடுவில் ஒரு கிண்ணமும் சுற்றிலும் எட்டோ பன்னிரண்டோ இதழ்களுமாகப் பிரித்து, இதழ்களை ஒரே டையில் அழுத்தியெடுத்துப் பிறகு சேர்த்துப் பற்றவைக்கிறோம். ஒரே ஒரு தொட்டிக்கான வேலை என்றாலும் அதற்குள் இதழ்களின் தொகுதி ஒன்று இருக்கிறது. முதல் இதழைச் சரிபார்த்த பின்பே மற்றவற்றை அழுத்த வேண்டும் என்ற ஒழுங்கு இங்கே தானாக வந்துவிடுவதால், பெரிய ஒற்றை வேலைகள் பெரும்பாலும் நன்றாகவே அமைகின்றன. நடுத்தர விட்டங்களில்தான், ஏறக்குறைய 1,000 முதல் 3,000 மி.மீ. வரையில், நம் பட்டறைகளின் பணம் ஒழுகிப் போகிறது.

ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் விட்டத்தில் வரும் உதிரி எண்கள். கொள்ளளவு இவ்வளவு, வைக்கும் இடத்தின் நீளம் இவ்வளவு என்று எடுத்துக்கொண்டு, விட்டத்தைக் கணிப்பொறி தரும் எண்ணுக்கே விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் 1,985, 1,640 என்றெல்லாம் வரைபடங்கள் வருகின்றன. உருளையின் நீளம் எந்த எண்ணாக இருந்தாலும் ரோல் செய்பவருக்குக் கவலையில்லை; வெட்டும் கோட்டை நகர்த்திக்கொள்வார். விட்டத்தை மாற்றினால் முனை செய்பவர், டெம்ப்ளேட் வெட்டுபவர், தகடு வாங்குபவர் எல்லோரும் மாற வேண்டும். 1,985 மி.மீ. விட்டமும் 3,000 மி.மீ. உருளை நீளமும் கொண்ட, நீள்வட்ட முனைகளுள்ள தொட்டியை 2,000 விட்டத்துக்கு மாற்றி, உருளையை ஏறத்தாழ 60 மி.மீ. குறைத்துவிட்டால் அதே 11,300 லிட்டர் கிடைக்கும். தொட்டியை வாங்குபவர் இழப்பது எதுவுமில்லை. செய்பவருக்கோ, அந்த வாரம் 2,000 விட்டத்தில் டிஷ் எண்ட் கேட்கும் வேறு இரண்டு பட்டறைகளோடு தன் ஆணையைச் சேர்த்துக்கொள்ள வழி பிறக்கிறது. தேவையான கனம் சந்தையில் கிடைக்கும் தகட்டுக் கனம் ஒன்றின் எல்லையில் நிற்கும் அபூர்வமான வேளைகளில் மட்டும் விட்டம் கூடுவதால் கனமும் ஒரு படி கூடக்கூடும். அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வளைத்த முனைகளுக்கென்றே நம் நாட்டில் ஐ.எஸ். 4049 என்ற தரநிலை இருக்கிறது. ஜெர்மனியில் இதே பாகத்துக்கு டின் 28011, டின் 28013 என்று இரண்டு வடிவங்களை வரையறுத்து, எந்த விட்டமாக இருந்தாலும் ஆரங்கள் விட்டத்தின் நிலையான பங்காக இருக்குமாறு வைத்திருக்கிறார்கள். தரநிலை எண், விட்டம், கனம், தகட்டின் ரகம் ஆகியவற்றை எழுதினால் ஆணை முடிந்தது. நம்மிடம் வரும் வரைபடங்களிலோ ஆரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அளவு உள்விட்டமா வெளிவிட்டமா என்பதே சில வரைபடங்களில் இருப்பதில்லை. அதைக் கேட்டுத் தெளிவதற்குள் பத்து நாள் கழிந்த வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே, தொட்டிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிற அரசுத் துறைகள், கூட்டுறவு நிறுவனங்கள், தனியார் ஆலைகளின் பொறியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. நடுத்தர அளவுத் தொட்டிகளுக்கு உள்விட்டத்தை 100 மி.மீ. படிகளில் வையுங்கள், கொள்ளளவை உருளையின் நீளத்தால் சரிசெய்துகொள்ளுங்கள், இடம் இருந்தால் நீள்வட்ட வடிவத்தையே கேளுங்கள். பழைய கலனுக்கு மாற்று முனை என்றால் அதைத் தனியாகக் குறிப்பிட்டு, அளந்து எடுக்கக் கூடுதல் நாள் கொடுங்கள்.

சிறுதொழில் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பட்டறைக்கு எந்த விட்டத்தில், எந்தக் கனத்தில், எந்த ரகத்தில், எத்தனை டிஷ் எண்ட் தேவை என்பதை வாரம் ஒருமுறை ஒரே தாளில் திரட்டி, முனை செய்பவருக்குச் சேர்ந்தே அனுப்பலாம். இருப்புக்காகச் செய்து அடுக்கி வைக்கச் சொல்லவில்லை. வாங்க ஆள் வராத டிஷ் எண்ட் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறுவதை எல்லோரும் அறிவோம். கையிலுள்ள ஆணைகளைச் சேர்ப்பது மட்டுமே என் யோசனை. போட்டியாளரிடம் தன் ஆணையைக் காட்டுவதா என்ற தயக்கம் இருக்கும். அந்தத் தாளில் வாடிக்கையாளர் பெயரோ விலையோ தேவையில்லை. விட்டம், கனம், ரகம், எண்ணிக்கை, தேதி ஆகிய ஐந்தே போதும். ஒவ்வொரு தகட்டின் ஹீட் நம்பரும் அந்தந்தப் பட்டறையின் அடையாளமும் வட்டமாக வெட்டிய உடனேயே தகட்டில் பதிக்கப்பட்டிருந்தால், திரும்பி வரும்போது கலப்பும் நேராது. நான் பணியிலிருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் பக்கத்துப் பட்டறைகள் மூன்றோடு இதைப் பேச்சளவில் செய்து பார்த்தோம். மாதத்துக்கு ஒருமுறை போன லாரி எங்கள் எல்லோருடைய தகடுகளையும் ஏற்றிக்கொண்டு போனது, டிஷ் எண்டுகளும் முன்பைவிட விரைவாகவே வந்து சேர்ந்தன.

இக்கடிதத்தை வெளியிட்டு, வரைபடம் போடுகிறவர்களின் பார்வைக்குக் கொண்டு செல்லுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபேப்ரிகேஷன் மேற்பார்வையாளர்,
திருவெறும்பூர், திருச்சி.